ஊர்க் குடிநீரைச் சோதிப்பது எப்படி? கிட் பெட்டியை முதல்முறை திறப்பவர்களுக்கு

டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண் 500-க்குக் கீழே வந்தால் நல்ல தண்ணீர் என்று முடிவு கட்டும் பழக்கம் கிராமம் வரைக்கும் வந்துவிட்டது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளால் மின்சாரம் எவ்வளவு கடத்தப்படுகிறது என்பதை மட்டும்தான் அந்த மீட்டர் அளக்கிறது. சாக்கடை கசிந்து கலந்த ஆற்றுத் தண்ணீர் அதில் 250 காட்டலாம். ஒழுங்காகக் குளோரின் போட்ட ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் 1,100 காட்டலாம். முதலாவது ஊரையே வாந்திபேதியில் படுக்கவைக்கும். இரண்டாவது வாயில் கொஞ்சம் கரிக்கும், அவ்வளவுதான். கிருமியும் ஃபுளோரைடும் நைட்ரேட்டும் அந்த மீட்டருக்குத் தெரியவே தெரியாது.

தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சியின் குடிநீரைச் சோதிக்கும் பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்தவர்களுக்காக இதை எழுதுகிறோம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பேர், முடிந்தவரை பெண்கள், களச் சோதனைக்குப் பயிற்சி பெற வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும், டேங்க் ஆபரேட்டர்களுக்கும், பள்ளிகளில் இதைச் செய்யும் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

மூன்று வகைச் சோதனைகளும் மூன்று வெவ்வேறு வேகத்தில் நடக்க வேண்டும். எஞ்சிய குளோரினைத் தினமும் பார்க்க வேண்டும். கிருமிக்கான எச்2எஸ் குப்பியை (மாசு இருந்தால் கறுக்கும் சோதனைக் குப்பி) மாதம் ஒருமுறையாவது வைக்க வேண்டும், மழை தொடங்கினால் வாரம் ஒருமுறை. ரசாயனச் சோதனை ஒவ்வொரு நீராதாரத்துக்கும் வருடத்துக்கு ஒருமுறை போதும். பல ஊர்களில் இது தலைகீழாக நடக்கிறது. பெட்டியில் உள்ள எல்லா ரசாயனச் சோதனையையும் ஒரே நாளில் செய்து படம் எடுத்து அனுப்பிவிட்டு, குளோரினை யாரும் பார்ப்பதில்லை. வாந்திபேதியைத் தடுப்பது அந்தத் தினசரிச் சோதனைதான்.

சோதிக்கும் முன் நடந்து பாருங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன், ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கடைசித் தெருக் குழாய் வரை டேங்க் ஆபரேட்டரோடு ஒருமுறை நடந்து வாருங்கள். எந்த மருந்தும் காட்டாததை இந்த நடை காட்டிவிடும்.

போர்வெல் வாயில் மூடி இறுக்கமாக இருக்கிறதா, கேபிள் இறங்கும் ஓட்டை அடைபட்டிருக்கிறதா? கைப்பம்பு என்றால் சிமென்ட் மேடையில் விரிசல் இருக்கிறதா, சிந்தும் தண்ணீர் வடிகாலில் ஓடுகிறதா, காலடியிலேயே தேங்குகிறதா? 10 மீட்டருக்குள் கழிப்பறைக் குழியோ மாட்டுக் கொட்டகையோ எருக்குழியோ உண்டா? மேடான பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். மேல்நிலைத் தொட்டியின் மூடி இருக்கிறதா, காற்றுப் போக்கிக் குழாயில் வலை இருக்கிறதா, தொட்டியில் எழுதியிருக்கும் 'சுத்தம் செய்த நாள்' எந்த மாதத்தில் நிற்கிறது?

ஏணிக்கும் மூடிக்கும் பூட்டு வேண்டும். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது, குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் பார்க்க வேண்டியது வால்வுக் குழிகளும், சாக்கடைக்குள்ளேயே ஓடும் வீட்டு இணைப்புக் குழாய்களும். குழாயில் தண்ணீர் ஓடும்போது ஓட்டை வழியே வெளியே பீச்சும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். தண்ணீர் நின்ற பிறகு குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, அதே ஓட்டை வழியே சாக்கடை உள்ளே இழுக்கப்படும். இதை யாரும் பார்ப்பதில்லை. நாள் முழுக்க ஓடாமல் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் விடும் ஊர்களின் அடிப்படைச் சிக்கல் இதுதான். தெருக்குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகள் இருந்தால் இழுப்பு இன்னும் கூடும்.

தண்ணீர் பிடிக்கும் இடமும் நேரமும்

தவறான முடிவுகளில் பெரும்பங்கு மருந்தால் வருவதில்லை, தண்ணீர் பிடித்த விதத்தால் வருகிறது. தலைவர் வீட்டுக் குழாயிலேயே எல்லாச் சோதனையும் செய்தால் அந்த வீட்டுத் தண்ணீரைப் பற்றித்தான் தெரியும். அந்த வீடு பெரும்பாலும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும்.

குறைந்தது நான்கு இடங்கள் வேண்டும்: நீராதாரம், தொட்டியின் வெளியேறு குழாய், நடுவில் ஒரு தெரு, கடைசித் தெருவின் கடைசிக் குழாய். பள்ளியும் அங்கன்வாடியும் தனியாக. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரும் உள்ளூர் போர் தண்ணீரும் ஒரே தொட்டியில் கலக்கும் ஊர்களில் இரண்டையும் கலப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பிடியுங்கள். கலந்த பிறகு எதில் கோளாறு என்று சொல்ல முடியாது.

ரசாயனச் சோதனைக்கு: சுத்தமான பிளாஸ்டிக் கேன், 1 முதல் 2 லிட்டர். சோதிக்கப்போகும் தண்ணீராலேயே இரண்டு மூன்று முறை அலசிவிட்டு வாய் வரை நிரப்புங்கள். பினாயில், எண்ணெய் இருந்த கேன் ஆகாது. குளிர்பான பாட்டிலும் வேண்டாம், அதில் ஒட்டியிருக்கும் அமிலம் பிஎச் அளவைக் கெடுக்கும். போர் மோட்டாரை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகே பிடிக்க வேண்டும். குழாயில் தேங்கிய தண்ணீரில் இரும்பு கூடுதலாக இருக்கும்.

ஆய்வகத்துக்கு அனுப்பும் கிருமிச் சோதனைக்கு முறை வேறு. ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலில் மட்டுமே பிடிக்க வேண்டும், அதை அலசக் கூடாது. உள்ளே சோடியம் தயோசல்பேட் சில துளி இருக்கும். பாட்டிலுக்குள் குளோரின் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருக்காமல் அது நிறுத்திவைக்கும். அலசினால் அது போய்விடும். பிறகு ஆய்வகத்துக்குப் போகும் வழியிலேயே கிருமி செத்து, கெட்ட தண்ணீருக்கு நல்ல ரிசல்ட் வரும். குழாய் வாயைத் துடைத்து, உலோகக் குழாய் என்றால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சைக் கொளுத்திச் சுடுங்கள். பிளாஸ்டிக் குழாயைச் சுட முடியாது, ஸ்பிரிட்டால் துடைத்தால் போதும். இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, மூடியின் உட்புறத்தைத் தொடாமல், கழுத்துக்குக் கீழே ஒரு அங்குலம் காற்றுக்கு இடம்விட்டுப் பிடியுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். எப்படியும் 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீர் தொட்டியின் நிலையைச் சொல்லும். குழாயில் சாக்கடை இறங்குகிறதா என்று அறிய வேண்டுமானால், தண்ணீர் திறந்துவிட்டதும் வரும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும். சந்தேகப்படும் தெருவில் இரண்டையும் பிடித்து, எது எது என்று எழுதிவையுங்கள்.

எஞ்சிய குளோரின்: தினமும் ஐந்து நிமிடம்

தொட்டியில் போட்ட குளோரின் கிருமியோடும் அழுக்கோடும் வினைபுரிந்து செலவானது போக மிச்சமிருப்பதுதான் எஞ்சிய குளோரின். ஐஎஸ் 10500:2012 என்ற இந்தியக் குடிநீர்த் தரத்தின்படி கடைசிக் குழாயில் இது குறைந்தது 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், இருக்க வேண்டும். கொள்ளைநோய்க் காலத்தில் 0.5 வேண்டும். கடைசிக் குழாயில் 0.2 கிடைக்க, தொட்டி வாயில் 0.5 முதல் 1 வரை தேவைப்படும். ஊருக்கு ஊர் இது மாறும்.

நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப் பெட்டியில் இரண்டு வகை மருந்து உண்டு. ஆர்த்தோடாலிடின் மஞ்சள் நிறம் தரும். டிபிடி மாத்திரை இளஞ்சிவப்பு நிறம் தரும். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் டிபிடியை வாங்குங்கள். ஆர்த்தோடாலிடின் உடலுக்குக் கேடான மருந்து, தண்ணீரில் இரும்பு இருந்தாலும் அது மஞ்சள் காட்டி ஏமாற்றும்.

1. குழாயை ஓடவிட்டு, சோதனைக் குழலை இரண்டுமுறை அலசி, கோடு வரை நிரப்புங்கள்.
2. மாத்திரையை விரலால் தொடாமல் உறையிலிருந்து நேராக உள்ளே விழவிட்டுக் கரையுங்கள். துளி மருந்து என்றால் பெட்டியில் சொன்ன எண்ணிக்கை, ஒரு துளிகூடக் கூட்ட வேண்டாம்.
3. டிபிடி என்றால் ஒரு நிமிடத்துக்குள் நிறத்தைப் பாருங்கள். ஆர்த்தோடாலிடின் என்றால் சில நொடிகளிலேயே. நேரம் போகப் போக நிறம் கூடும், அந்தக் கூடுதல் கணக்கில் சேராது.
4. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்து, நிழலில், பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். டியூப் லைட்டின் கீழ் இளமஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும்.

ஒரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடியின் நிறத்தையே அது வெளுத்துவிடும். ஒரு நொடி சிவந்து உடனே தெளிந்தால், அல்லது மூக்கைத் துளைக்கும் வாடையோடு நிறமே வராமல் இருந்தால், 'குளோரின் இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். ஒரு பங்கு தண்ணீரில் நான்கு பங்கு பேட்டரித் தண்ணீர் (காய்ச்சி வடித்த நீர், பேட்டரி ஆசிட் அல்ல) கலந்து மறுபடி சோதித்து, வந்த எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

இந்தச் சோதனையை ஓட்டை தேடவும் பயன்படுத்தலாம். தொட்டி வாயில் 0.8, மாரியம்மன் கோயில் தெருவில் 0.6, அடுத்த தெருவில் பூஜ்யம் என்று வந்தால் கோளாறு அந்த இரண்டு இடங்களுக்கு நடுவில்தான். நூறு மீட்டருக்கு ஒருமுறை சோதித்துக்கொண்டே போனால் எந்த வீட்டுக்கு முன்னால் தோண்ட வேண்டும் என்பது வரை நெருங்கிவிடலாம். பொக்லைன் வரவழைத்துத் தெரு முழுக்கப் பெயர்ப்பதைவிட இது மலிவு.

பிளீச்சிங் பவுடர் கணக்கு

'1,000 லிட்டருக்கு 4 கிராம்' என்பது டேங்க் ஆபரேட்டர்கள் பலருக்கு மனப்பாடம். புதுப் பவுடரில் குளோரின் 33 சதவீதம் இருக்கும் என்று வைத்தால் அது 1.3 பிபிஎம் தரும். சுத்தமான போர் தண்ணீருக்கு அது போதலாம். பவுடரோ மூட்டை திறந்த நாளிலிருந்து வலு இழந்துகொண்டே இருக்கும். ஈரமும் வெயிலும் பட்டால் வேகம் கூடும். பம்ப் அறை மூலையில் வாய் திறந்து கிடக்கும், கட்டி தட்டிய பவுடரில் பாதி வலுகூட இராது. அதை 4 கிராம் போட்டுவிட்டு 'மருந்து போட்டாச்சு' என்று எழுதுவதில் பயனில்லை.

வலுவை நீங்களே தோராயமாகக் கண்டுபிடிக்கலாம். 1 கிராம் பவுடரை 1 லிட்டர் பேட்டரித் தண்ணீரில் நன்றாகக் கலக்கித் தெளியவிடுங்கள். தெளிந்ததில் 3 மில்லியை ஊசி போடும் சிரிஞ்சால் எடுத்து, இன்னொரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கலந்து குளோரின் சோதியுங்கள். 1 பிபிஎம் காட்டினால் பவுடர் 33 சதவீதம். 0.5 என்றால் சுமார் 16 சதவீதம். குழாய்த் தண்ணீரில் இதைச் செய்யக் கூடாது, அதிலுள்ள அழுக்கே குளோரினைத் தின்றுவிடும்.

பிறகு கணக்கு எளிது. லிட்டரையும் வேண்டிய பிபிஎம்மையும் பெருக்கி, சதவீதத்தைப் பத்தால் பெருக்கியதால் வகுத்தால் கிராம் கிடைக்கும். 30,000 லிட்டர் தொட்டிக்கு 2 பிபிஎம் வேண்டுமானால், 33 சதவீதப் பவுடர் சுமார் 180 கிராம், 25 சதவீதம் என்றால் 240, 16 சதவீதம் என்றால் 375. டம்ளர் கணக்கை விட்டுவிட்டு, சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவையுங்கள்.

எந்தத் தண்ணீருக்கு எவ்வளவு என்று சரியாக அறிய ஹாராக்ஸ் பெட்டி இருக்கிறது. கறுப்புக் கோப்பை ஒன்று, 200 மில்லி வெள்ளைக் கோப்பைகள் ஆறு, 2 கிராம் கரண்டி, கலக்கும் கண்ணாடிக் குச்சிகள். கறுப்புக் கோப்பையில் ஒரு கரண்டி பவுடரைக் குழைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்றித் தெளியவிட வேண்டும். வெள்ளைக் கோப்பைகளில் சோதிக்கும் தண்ணீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதல் கோப்பைக்கு 1 துளி, இரண்டாவதற்கு 2 என்று ஆறாவது வரை விட்டுக் கலக்கி அரைமணி நேரம் விட வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஸ்டார்ச்-அயோடைடு மருந்து 3 துளி. எந்தக் கோப்பையில் முதலில் தெளிவாக நீலம் வருகிறதோ அந்த எண்ணிக்கைக் கரண்டிப் பவுடர் 455 லிட்டருக்குத் தேவை. மூன்றாவதில் வந்தால் 6 கிராம். பொதுக் கிணறுகளுக்கு இது மிகவும் உதவும். சோதனைக்கும் கிணற்றுக்கும் ஒரே மூட்டைப் பவுடர்தான் என்பதால் அதன் வலுவைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை.

பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது தொட்டிக்குள் போனால் அடியில் படிந்து, தண்ணீரைக் கலங்கடிக்கும். ஊற்ற வேண்டிய நேரம் தொட்டி பாதி நிரம்பியிருக்கும்போது, மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது. அப்போதுதான் கலக்கும். நிரம்பிய தொட்டியின் மேல் ஊற்றினால் கரைசல் ஒரே இடத்தில் நின்றுவிடும். முதல் தெருவில் 'ஒரே மருந்து வாடை' என்று சண்டைக்கு வருவார்கள், கடைசித் தெருவில் பூஜ்யம் காட்டும். ஊற்றி அரைமணி நேரம் கழித்தே வால்வைத் திறக்க வேண்டும். கலங்கல் தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் போட்டாலும் மண் துகளுக்குள் ஒளிந்த கிருமி தப்பிவிடும், முதலில் தெளியவைக்க வேண்டும்.

முகத்துக்குத் துணி, கையுறை, கண்ணாடி கட்டாயம். பிளீச்சிங் பவுடர் இருக்கும் அறையில் ஆசிட் பாட்டிலோ யூரியா மூட்டையோ வைக்கவே கூடாது. ஆசிட் பட்டால் கிளம்பும் குளோரின் வாயு ஆளைக் கொல்லும்.

எச்2எஸ் குப்பி

குவாலியரில் இருக்கும் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தைச் சேர்ந்த மாஞ்சாவும் சக விஞ்ஞானிகளும் 1982-ல் வெளியிட்ட முறை இது. மலத்தோடு சேர்ந்து வரும் பாக்டீரியாக்கள் பலவும் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். குப்பியிலுள்ள இரும்பு உப்போடு அது சேர்ந்து கறுக்கும். ஆய்வகமோ மின்சாரமோ வேண்டாம் என்பதுதான் இதன் பலம்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாய் வாயை மேலே சொன்னபடி சுத்தம் செய்து, குப்பியின் கோடு வரை தண்ணீர் பிடித்து மூடி, மெல்லக் குலுக்குங்கள். மூடியைத் தரையில் வைக்காதீர்கள். 30 முதல் 37 டிகிரி வெப்பம் வேண்டும். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதிக்கு அறை வெப்பமே போதும். மார்கழி, தை மாதங்களிலும் ஊட்டி, கொடைக்கானல் பக்கமும் அது போதாது. சட்டைப் பையில் வைத்திருப்பது அல்லது மிதமாகச் சூடேறும் பெட்டியில் வைப்பது உதவும். 24 மணி நேரத்தில் ஒருமுறை, 48-ல் ஒருமுறை பாருங்கள்.

24 மணி நேரத்துக்குள் கறுத்தால் மாசு அதிகம். 48-ல் கறுத்தால் குறைவு, ஆனாலும் மாசுதான். ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்தால் கிருமி காரணமில்லை, தண்ணீரிலேயே சல்பைடு இருக்கிறது. சில ஆழ்துளைக் கிணறுகளில் அழுகிய முட்டை வாடையோடு இது வரும். அங்கே இந்தக் குப்பி பயன்படாது, ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

கறுக்கவில்லை என்றால் 'பாதுகாப்பானது' என்று சான்றிதழ் கொடுத்துவிட முடியாது. குப்பி 20 மில்லியைத்தான் பார்க்கிறது. ஐஎஸ் தரமோ 100 மில்லியில் மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. காலாவதியான குப்பி எதற்குமே கறுக்காது. புதுப் பெட்டி வந்ததும் ஒரு குப்பியில் சாக்கடைத் தண்ணீர் ஒரு துளியும் இன்னொன்றில் கொதித்து ஆறிய தண்ணீரும் விட்டுப் பாருங்கள். முதலாவது கறுத்து, இரண்டாவது கறுக்காமல் இருந்தால் பெட்டி சரி. கறுத்த குப்பிக்குள் கோடிக்கணக்கான கிருமி வளர்ந்திருக்கும். பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துப் புதைத்துவிடுங்கள். குழந்தைகள் கையில் சிக்கக் கூடாது.

ரசாயனச் சோதனைகள்

துளிகளை எண்ணுவது, நிறத்தை ஒப்பிடுவது என்று கிட் சோதனைகள் இரண்டே வகை.

கடினத்தன்மையும் குளோரைடும் துளி எண்ணும் வகை. கடினத்தன்மைக்கு மருந்து விட்டதும் தண்ணீர் ஒயின் சிவப்பாகும். ஈடிடிஏ கரைசலைத் துளித் துளியாக விட்டுக்கொண்டே குலுக்க, ஊதா கடந்து தெளிந்த நீலமாகும் இடத்தில் நிறுத்த வேண்டும். ஊதாவில் நிறுத்துவது புதியவர்களின் வழக்கமான பிழை. குளோரைடுக்கு மஞ்சள் தண்ணீர் செங்கல் சிவப்பாகி, குலுக்கியும் மறையாமல் நிற்க வேண்டும். துளிப்பானை நேர்க்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் துளியின் அளவு மாறி கணக்குத் தவறும். எத்தனையால் பெருக்குவது என்பது கிட்டுக்குக் கிட் மாறும், அந்தப் பெட்டியின் கையேட்டை மட்டும் நம்புங்கள்.

மருந்து சரியா என்று பார்க்க ஒரு எளிய வழி: 1 கிராம் சாப்பாட்டு உப்பை 1 லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரைத்துக் குளோரைடு சோதித்தால் லிட்டருக்கு 600 மில்லிகிராமை ஒட்டி வர வேண்டும். 400 அல்லது 800 வந்தால் மருந்தோ உங்கள் கையோ சரியில்லை. இதில் பயன்படும் சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்து நாட்கணக்கில் போகாது, வெளிச்சத்தில் கெட்டும் போகும்.

ஃபுளோரைடு நிறம் பார்க்கும் வகை. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்துப் பாறைகளில் இது இயல்பாகவே உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததன் காரணங்களில் ஒன்றே இதுதான். விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீராதாரம் இல்லாதபோது உச்ச வரம்பு 1.5. கிட்டில் இளஞ்சிவப்பு மஞ்சளாக மாறுவதை அட்டையோடு ஒப்பிட்டு 1-க்கும் 1.5-க்கும் இடையே கண்ணால் தீர்ப்புச் சொல்வது நடக்காத காரியம். அட்டை 1-ஐத் தொட்டாலே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். குளோரின் போட்ட தண்ணீரில் இந்த நிறம் வெளுத்துத் தவறாகக் காட்டும், ஆகவே குளோரின் சேருமுன் போர் வாயில் பிடித்த தண்ணீரையே சோதிக்க வேண்டும். மருந்தில் அமிலம் இருக்கிறது, கையுறை வேண்டும்.

நைட்ரேட்டுக்கு வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம், அதற்கு மேல் சலுகை கிடையாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மாவை இந்தத் தண்ணீரில் கலந்து கொடுத்தால் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாயும். சில கிட்கள் நைட்ரேட்டாகச் சொல்லாமல் நைட்ரஜனாகச் சொல்லும். அப்படியானால் அட்டையில் 10 என்பது உண்மையில் சுமார் 44. அட்டையின் ஓரத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள், நைட்ரஜன் என்றால் 4.43-ஆல் பெருக்குங்கள். நைட்ரேட்டும் அம்மோனியாவும் குளோரைடும் சேர்ந்து திடீரென்று உயர்ந்தால் கழிவுநீர் இறங்குகிறது என்று பொருள்.

அம்மோனியா மருந்தில் பாதரசம் இருக்கிறது. சோதித்த தண்ணீரைத் தோட்டத்தில் ஊற்றாமல் தனி பாட்டிலில் சேர்த்து ஆய்வகத்தில் ஒப்படைக்க வேண்டும். இரும்பைத் தண்ணீர் பிடித்த இடத்திலேயே சோதித்துவிடுங்கள். தெளிவாக வந்த போர் தண்ணீர் வீட்டுக்குக் கொண்டுபோவதற்குள் செம்மண் நிறத்தில் படிந்துவிடும், மேலே நிற்பதைச் சோதித்தால் இரும்பே இல்லை என்று வரும். பிஎச் 6.5 முதல் 8.5 வரை. இதிலும் குளோரின் நிறத்தைக் கெடுக்கும்.

காலமும் முக்கியம். கோடையில் நிலத்தடி நீர் இறங்கும்போது உப்பும் ஃபுளோரைடும் செறிவு கூடலாம், எனவே ரசாயனச் சோதனையை மே மாதத்தில் வையுங்கள். ஐப்பசி மழை இறங்கிய முதல் வாரம் கிருமிச் சோதனைக்கு உரிய நேரம்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதும் அறிக்கையைப் படிப்பதும்

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்களும் அதற்குக் கீழே துணை ஆய்வகங்களும் உள்ளன. பொதுமக்களும் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். கேனில் ஊர், நீராதார வகை, போர் ஆழம், பிடித்த தேதி, நேரம், அந்த இடத்திலேயே பார்த்த குளோரின் அளவு எல்லாம் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை ஐஸ் பெட்டி ஈரத்தில் அழியும், பென்சிலில் எழுதி டேப் ஒட்டுவது மேல்.

அறிக்கையில் இரண்டு வரம்புகள் இருக்கும்: ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாதபோது அனுமதிக்கத்தக்கது. லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் டிடிஎஸ் 500, 2,000. கடினத்தன்மை 200, 600. குளோரைடு 250, 1,000. கலங்கல் (என்டியு என்ற அலகில்) 1, 5. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் உடனே ஆபத்தில்லை, ஆனால் பக்கத்தில் நல்ல போர் இருந்தால் குடிக்க அதற்கு மாறுங்கள். ஊராட்சிகள் அதிகம் கவலைப்படுவது கடினத்தன்மைக்கு. பருப்பு வேகவில்லை, பாத்திரத்தில் வெள்ளை படிகிறது என்று புகார் வரும். உண்மையில் பயப்பட வேண்டிய வரிகள் ஈ.கோலை, ஃபுளோரைடு, நைட்ரேட்.

ரிசல்ட் மோசமாக வந்தால்

குப்பி கறுத்தால் அன்றே அதே இடத்தில் இன்னொன்று வையுங்கள், அதன் முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். குளோரினைக் கடைசிக் குழாயில் 0.5 வரும்வரை ஏற்றுங்கள். தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீரையே குடிக்கச் சொல்லித் தெருத்தெருவாக அறிவியுங்கள். சுகாதார ஆய்வாளருக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியருக்கும் சொல்லி, அந்தத் தெருவில் பேதி கண்டவர்கள் உண்டா என்று கேளுங்கள். பிறகு தொட்டியில் தொடங்கிக் குளோரினைப் பின்தொடர்ந்து ஓட்டையைத் தேடுங்கள். குழாயில் நன்றாக இருந்து வீட்டுக் குடத்தில் மட்டும் கறுத்தால் கோளாறு ஊராட்சியுடையதில்லை. டம்ளரைக் கைவிட்டு முகக்கிறார்கள். நீளக் கைப்பிடிக் கரண்டியோ குழாய் வைத்த டிரம்மோ அதற்குத் தீர்வு.

ஃபுளோரைடுக்கும் நைட்ரேட்டுக்கும் கொதிக்கவைப்பது கேடு. தண்ணீர் ஆவியாகி, மிச்சத்தில் அளவு கூடும். குளோரினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பம்பில் 'குடிக்க வேண்டாம்' என்று சிவப்பில் எழுதி, துவைக்கவும் குளிக்கவும் விட்டுவிட்டு, குடிநீருக்கு வேறு ஆதாரம் கேளுங்கள். பூட்டிவிட்டால் சனம் அதைவிட மோசமான இடத்துக்குப் போகும்.

எல்லாவற்றையும் ஒரு நீளமான நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், குளோரின், குப்பி முடிவு, பவுடர் எத்தனை கிராம், சோதித்தவர் கையெழுத்து. பூஜ்யம் வந்த நாளில் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். தினமும் 0.5, 0.5 என்று ஒரே பேனாவில் ஒரே நாளில் நிரப்பிய நோட்டை எந்தப் பொறியாளரும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவார். கிராம சபை கூடும் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அந்த நோட்டை எடுத்துப்போய் தெரு வாரியாக வாசியுங்கள். குழாய் மாற்ற வேண்டிய தெருவைத் தீர்மானத்தில் பெயரோடு எழுதச் சொல்லி, தீர்மான நகலைக் கையோடு வாங்கி நோட்டில் ஒட்டிக்கொள்ளுங்கள்.